பென்ரடாக் கிளர்ச்சி, 1655: சால்ஸ்பரி நீதிபதிகளை உயிரோடு விட்டது தவறா? (தலைப்பு திருத்தப்பட்டது)

#1 ஊர்க்குருவி

வணக்கம். இங்கே எல்லாவற்றையும் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிற ஆசாமி நான். இழை தொடங்குவது இதுதான் முதல் தடவை, பிழை இருந்தால் திருத்துங்கள்.

இங்கிலாந்தில் கிராம்வெல் ஆட்சியைக் கவிழ்க்க அரசர் கட்சிக்காரர்கள் போட்ட சதிகளைப் பற்றி இரண்டு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாமே தோற்றவைதான். ஆனால் ஒன்று மட்டும் தொண்டையில் சிக்கிய முள்ளாக நிற்கிறது. ஜான் பென்ரடாக் என்ற வில்ட்ஷயர் நிலக்கிழாரின் கிளர்ச்சி.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1649 ஜனவரி 30-இல் அரசர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டது. மகன் சார்லஸ் 1651-இல் வூஸ்டர் போரில் தோற்று வெளிநாட்டுக்கு ஓடினார். 1653 டிசம்பரில் நாடாளுமன்றப் படைத் தளபதி கிராம்வெல் 'லார்ட் புரொடெக்டர்' ஆனார். அரசர் என்ற பெயர்தான் இல்லை, மற்றதெல்லாம் இருந்தது. நாடு முழுக்க ஒரே சமயத்தில் எழுந்து அவரை இறக்க வேண்டும் என்பது திட்டம்.

மார்ச் 11, ஞாயிறு இரவு. சால்ஸ்பரிக்கு வெளியே கிளாரண்டன் பூங்காவில் ஏறக்குறைய 200 குதிரைவீரர்கள் கூடுகிறார்கள். திங்கள் விடியுமுன் ஊருக்குள் நுழைகிறார்கள். அந்த வாரம் ஊரில் அசைஸ் என்னும் சுற்று நீதிமன்றம், லண்டனிலிருந்து நீதிபதிகள் வந்து தங்கியிருக்கிறார்கள். விடுதி லாயங்களில் இருந்த குதிரைகளை அவிழ்த்துக்கொண்டார்கள், சிறையைத் திறந்துவிட்டார்கள், கைதிகளில் பலர் கூடவே கிளம்பிவிட்டார்கள். தலைமை நீதிபதி ஹென்றி ரோல், நீதிபதி ராபர்ட் நிக்கோலஸ், ஷெரிப் ஜான் டவ் மூவரும் படுக்கையிலேயே பிடிபட்டார்கள். 'மூவரையும் இங்கேயே தூக்கில் போடு' என்கிறார் ஜோசப் வாக்ஸ்டாஃப். இவர் சார்லஸ் அனுப்பிய தளபதி. பென்ரடாக் ஒத்துக்கொள்ளவில்லை. நீதிபதிகளை விட்டுவிட்டு, ஷெரிப்பை மட்டும் இரவு அங்கியோடு குதிரையில் ஏற்றிக்கொண்டு போனார்கள். யோவில் ஊரில் அவரையும் விட்டுவிட்டார்கள்.

இரண்டு நாளில் எல்லாம் முடிந்தது. மே மாதம் பென்ரடாக்கின் தலை போனது.

என் கேள்வி இதுதான். அன்று வாக்ஸ்டாஃப் சொன்னதைக் கேட்டிருந்தால், 'இனித் திரும்பிப் போக வழியில்லை' என்று தயங்கி நின்றவர்களும் வந்து சேர்ந்திருப்பார்களா? அந்தக் கருணைதான் கிளர்ச்சியைக் கெடுத்ததா?

#2 வெட்டிப்பேச்சு

நீதிபதியைத் தொங்கவிட்டால் கூட்டம் சேரும் என்பது எந்த ஊர்க் கணக்கு சார்? வழக்குக்காகப் பத்து மைல் நடந்து வந்தவன் நீதிபதி மரத்தில் தொங்குவதைப் பார்த்தால் அரசர் வாழ்க என்றா கத்துவான்? வீட்டுக்கு ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போடுவான்.

#3 பழங்கணக்கு

ஊர்க்குருவி, நல்ல இழை. ஆனால் கேள்வியைச் சால்ஸ்பரியிலிருந்து தொடங்கினால் பதில் கிடைக்காது. நான்கு நாள் பின்னால் போக வேண்டும்.

எழுச்சிக்குக் குறித்த நாள் மார்ச் 8. அதற்கு முன் பிப்ரவரி 13 என்று ஒரு நாள் குறித்து, அதைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். மார்ச் 8 இரவு வடக்கே என்ன நடந்தது? யார்க்ஷயரில் மார்ஸ்டன் மூர் வெளியில், 1644-இல் அரசர் படை நொறுங்கிய அதே இடத்தில், கூட வேண்டியவர்கள் ஆயிரக்கணக்கில். வந்தவர்கள் நூறு பேர், கூட்டிச் சொன்னால் இன்னும் கொஞ்சம். சார்லஸின் நெருங்கிய நண்பர் வில்மட், அதாவது ரோச்செஸ்டர் பிரபு, நேரில் நின்றிருந்தார். இருட்டில் யாரோ வருகிறார்கள் என்ற பயத்தில் ஆயுதங்களைப் போட்டுவிட்டுக் கலைந்தார்கள். நார்தம்பர்லண்டில் மோர்பெத் பக்கம் எண்பது பேர். நாட்டிங்கம்ஷயரில் ரஃபர்ட் என்ற இடத்தில் கொஞ்சம் பேர் கூடி, ஆயுத வண்டியைக் குளத்தில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போனார்கள் என்று சொல்வார்கள். செஸ்டர், ஷ்ரூஸ்பரி எல்லாம் தொடங்குமுன்பே முடிந்த கதை.

ஆக, மார்ச் 12 காலை பென்ரடாக் சால்ஸ்பரிக்குள் நுழைந்தபோது தேசிய எழுச்சி என்று ஒன்று ஏற்கெனவே செத்துவிட்டது. அவருக்கு அது தெரியாது. தேர் இழுக்க ஊரே வரும் என்று நம்பி, வடத்தைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றவர் அவர்.

ஏன் யாரும் வரவில்லை என்பதற்கு உள்வீட்டுச் சண்டையைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்துக்குள் இருந்த அரசர் கட்சிக்கு 'சீல்டு நாட்' என்று ஒரு ரகசியக் குழு உண்டு, முத்திரையிட்ட முடிச்சு என்று சொல்லலாம். ஆறு பேர்: பெலசிஸ், லஃப்பரோ, வில்லியம் காம்ப்டன், ஜான் ரஸ்ஸல், எட்வர்ட் வில்லியர்ஸ், ரிச்சர்ட் வில்லிஸ். எல்லோரும் பெரிய குடும்பத்து ஆட்கள். அவர்களுடைய பல்லவி ஒன்றே ஒன்று: 'இப்போது வேண்டாம், பொறுங்கள்.' இதில் சலித்துப்போன இளவட்டங்கள் தனியாக ஒரு கோஷ்டியாகக் கிளம்பினார்கள். இரண்டு தரப்பும் கடல் தாண்டி சார்லஸிடம் ஆளனுப்பிக் கேட்டன. அவர் யாரையும் பகைக்க விரும்பவில்லை. எழுகிறவர்களைத் தடுக்காதீர்கள் என்கிற பாணியில் ஒரு பதில். அதை முடிச்சுக்காரர்கள் ஒருவிதமாகப் படித்தார்கள், மற்றவர்கள் வேறுவிதமாகப் படித்தார்கள். தலைவர் 'நீங்களே பார்த்துச் செய்யுங்கள்' என்று சொன்ன காரியம் எதுவாவது உருப்பட்டிருக்கிறதா? சொல்லுங்கள்.

#4 ஓய்வுபெற்ற தபால்

இந்த விஷயத்தில் எனக்கும் கொஞ்சம் சம்பந்தம் உண்டு. 34 வருஷம் தபால் பிரித்தவன்.

கிராம்வெலின் செயலாளர் ஜான் தர்லோ. உளவு முழுக்க அவர் கையில். 1655-இல் தபால் நிர்வாகமும் அவரிடமே வந்து சேர்ந்தது. லண்டன் தபால் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தனி அறை. டோரிஸ்லாஸ் என்று ஒருவர், தபால் கிளம்பும் நாட்களில் இரவு பதினொரு மணிக்கு வந்து உட்காருவார். விடிகாலை மூன்று, நான்கு மணிவரை வேலை. கடிதங்கள் அவரிடம் போகும், சந்தேகப்பட்டதைப் பிரிப்பார், படிப்பார், படி எடுப்பார், மறுபடி மூடி அனுப்புவார். சங்கேத எழுத்தில் இருந்தால் ஜான் வாலிஸ் என்ற கணித அறிஞரிடம் போகும். ஆமாம், முடிவிலிக்கு நாம் இன்றும் போடும் படுத்த எட்டுக் குறி அவருடையதுதான்.

அரக்கு முத்திரையைச் சேதமில்லாமல் எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. நான் சர்வீஸில் இருந்தபோது மழையில் நனைந்து தானாகவே வாய் பிளந்த உறைகளை ஒட்டியே பழக்கம், அதற்கே கை நடுங்கும். ஒட்டுமுன் உள்ளே இரண்டு வரி கண்ணில் பட்டுவிடும், மனுஷன்தானே. பட்டால் அன்று முழுக்க மனசு உறுத்தும். டோரிஸ்லாஸுக்கு அது சம்பளம்.

அதனால் என் கட்சி: இது உள்வீட்டுச் சண்டையால் மட்டும் தோற்கவில்லை. ஜனவரியிலேயே ஆயுதப் பதுக்கல்கள் பிடிபட்டுவிட்டன, ஆட்களை அள்ளிக்கொண்டு போனார்கள், அயர்லாந்திலிருந்து படையும் வரவழைத்தார்கள். குதிரைப் பந்தயத்துக்குக்கூடத் தடை. பந்தயம் என்ற சாக்கில் முந்நூறு பேர் குதிரையோடு ஓரிடத்தில் கூடினால் யார் கேட்பது?

#5 ஊர்க்குருவி

பதில்களுக்கு நன்றி. தபால் ஐயா சொன்னதைப் படித்ததும் ஒரு சந்தேகம். முடிச்சுக்காரர்களில் வில்லிஸ் என்பவர் தர்லோவின் ஆள் என்று படித்தேன். அப்படியானால் சால்ஸ்பரி திட்டத்தைக் காட்டிக்கொடுத்தவர் அவர்தானே?

#6 பழங்கணக்கு

இல்லை. இது எல்லோரும் செய்கிற தப்பு, நானும் ஒரு காலத்தில் செய்தேன்.

வில்லிஸ் தர்லோவுக்குத் தகவல் கொடுக்கத் தொடங்கியது கிளர்ச்சிக்கு அப்புறம்தான், 1656 வாக்கில். 1655-இல் அவர் நேர்மையான கோழை, அவ்வளவுதான். 1659-இல் தர்லோவின் உதவியாளர் சாமுவேல் மோர்லண்ட் கட்சி மாறி, வில்லிஸின் குட்டைச் சார்லஸிடம் உடைத்தார். மோர்லண்ட் பற்றி ஒரு கதை உண்டு. கிராம்வெலும் தர்லோவும் வில்லிஸும் ரகசியம் பேசும்போது இவர் மேஜையில் தலை சாய்த்துத் தூங்குவதுபோல் கிடந்தாராம், கிராம்வெல் குத்துவாளை உருவியபோது தர்லோ தடுத்தாராம். பிற்காலத்துக் கதை, நான் நம்பவில்லை. ஆனால் நல்ல கதை.

இன்னொரு ஒற்றர் ஹென்றி மானிங். ஜெர்மனியில் கொலோன் நகரில் சார்லஸின் அரசவைக்குள்ளேயே உட்கார்ந்து தர்லோவுக்கு எழுதிக்கொண்டிருந்தவர். சார்லஸ் எழுச்சிக்குத் தயாராக டச்சுக் கடற்கரைப் பக்கம் மிடில்பர்க்குக்கு மறைவாகப் போய்க் காத்திருந்த சேதியும் லண்டனுக்குப் போய்விட்டது. 1655 கடைசியில் மாட்டிக்கொண்டார், கொலோனுக்கு வெளியே ஒரு காட்டில் சுட்டுக் கொன்றார்கள்.

தபால் ஐயாவுக்கு ஒரு சின்ன மறுப்பு. தர்லோவுக்கு எல்லாம் தெரியும் என்பதைக் கொஞ்சம் ஊதிவிட்டார்கள். உளவுக்கு வருஷத்துக்கு 70,000 பவுண்டு செலவழித்தார் என்று 1668-இல் நாடாளுமன்றத்தில் பேசியதைப் பெப்பிஸ் என்ற அரசு அதிகாரி தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தொகையை இன்றைய வரலாற்றாசிரியர்கள் நம்புவதில்லை. அவ்வளவு தெரிந்திருந்தால் 200 குதிரை சால்ஸ்பரிக்குள் எப்படி நுழைந்தது? தலைமை நீதிபதி ஏன் காவலில்லாமல் தூங்கினார்? தர்லோவுக்குச் சதி இருப்பது தெரியும், ஆட்கள் பாதிப் பேரைத் தெரியும். இந்த ஊரில் இந்த நாளில் என்பது தெரியாது. மற்றவர்கள் பயந்து வராமல் இருந்ததற்கு அந்தக் கைதுகள் காரணம் என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

#7 வெட்டிப்பேச்சு

எனக்கு இந்த நீதிபதி, ஒற்றர் எல்லாம் வேண்டாம். பிளாண்ட்ஃபர்ட் தண்டோராக்காரரைப் பற்றி யாருமே பேசவில்லையே?

சால்ஸ்பரியிலிருந்து மேற்கே போன கூட்டம் பிளாண்ட்ஃபர்ட் ஊருக்கு வருகிறது. சந்தை நடுவில் சார்லஸை அரசராக அறிவிக்க வேண்டும். அதற்கு ஊர் அறிவிப்பாளர் ஒருவரைப் பிடித்து வருகிறார்கள். 'எல்லோரும் கேளுங்கள்' என்று அவர் தொடங்குகிறார். பென்ரடாக் சொல்லிக்கொடுக்கிறார். அரசர் பெயர் வரும் இடத்தில் மனுஷன் நிறுத்திவிடுகிறார். மறுபடி தொடங்கு என்கிறார்கள். மறுபடி அதே இடத்தில் நிற்கிறார். நான்கு தடவை இப்படி. அடித்துப் பார்த்தார்கள். விறகு அடுக்கி எரித்தாலும் அந்த வார்த்தை என் வாயில் வராது என்று சொல்லிவிட்டாராம்.

இவரை யோசித்துப் பாருங்கள். சுற்றிலும் கத்தியோடு நானூறு பேர். சிறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்தவர்களும் அதில் உண்டு. அரசரா புரொடெக்டரா என்பதில் தண்டோராக்காரருக்கு என்ன லாபம்? கொள்கைப் பிடிப்பா? அல்லது 'இவர்கள் நாளைக்கு இருக்க மாட்டார்கள், நான் இந்த ஊரில் இருக்க வேண்டும்' என்ற கணக்கா? எனக்கென்னவோ இரண்டாவதுதான் என்று படுகிறது. ஊர்க்குருவியின் கேள்விக்கு அந்த ஆள் அன்றே பதில் சொல்லிவிட்டார்.

#8 நாள்காட்டி

தலைப்பில் 1654 என்று போட்டிருக்கிறீர்களே, உள்ளே சொல்வது எல்லாம் 1655. எது சரி?

#9 ஊர்க்குருவி

அன்றைக்கு எழுதின அறிக்கை ஒன்றின் படத்தைப் பார்த்தேன், அதில் மார்ச் 1654 என்று இருந்தது. அதை வைத்துத் தலைப்பு போட்டேன். குழப்பமாகத்தான் இருக்கிறது.

#10 பழங்கணக்கு

இரண்டும் சரி. அன்றைய இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. அதனால் மார்ச் 12 என்பது அவர்களுக்கு இன்னும் 1654-தான், நம் கணக்கில் 1655. பென்ரடாக் பிடிபட்டது 1654-இல், தலை போனது 1655-இல் என்று பழைய தாள்களில் இருக்கும். நடுவில் இரண்டே மாதம். இன்று எழுதும்போது 1655 என்று போடுவதுதான் வழக்கம்.

#11 மேலமாசி வக்கீல்

கோர்ட் லீவு, அதனால் நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பிடிபட்ட கதை. மார்ச் 14 இரவு டெவனில் சவுத் மோல்டன் என்ற சின்ன ஊர். எக்ஸிடரிலிருந்து துரத்தி வந்தவர் கேப்டன் அன்டன் குரோக், கையில் அறுபது குதிரைவீரர்கள்தான். கிளர்ச்சிக்காரர்கள் எண்ணிக்கையில் அதிகம், ஆனால் இரண்டு நாள் தூக்கமில்லாதவர்கள். வழியெல்லாம் ஆட்கள் உதிர்ந்துகொண்டே வந்தார்கள். தெருவில் சண்டை, வீடுகளின் ஜன்னலிலிருந்து சுடுகிறார்கள், மூன்று நான்கு மணி நேரம் நடந்தது. பென்ரடாக், ஹியூ குரோவ், ஃபிரான்சிஸ் ஜோன்ஸ் பிடிபட்டார்கள். தூக்கில் போடு என்று சால்ஸ்பரியில் கத்திய வாக்ஸ்டாஃப் தப்பி ஓடிவிட்டார். கவனிக்கவும்.

இங்கேதான் முதல் சட்டச் சிக்கல். உயிருக்கு உத்தரவாதம் கொடுத்ததால்தான் சரணடைந்தோம் என்றார் பென்ரடாக். அப்படி எதுவும் இல்லை என்றார் குரோக். ஆனால் குரோக் அன்றிரவே கிராம்வெலுக்கு எழுதிய கடிதத்தில், அவர்கள் உயிருக்காக நான் பரிந்து பேசுவதாகச் சொன்னேன் என்று எழுதியிருக்கிறார். பரிந்து பேசுவது வேறு, உத்தரவாதம் வேறு. அந்த இடைவெளியில் ஒரு தலை உருண்டது.

வழக்கு ஏப்ரலில் எக்ஸிடரில். பென்ரடாக் தனக்குத் தானே வாதாடினார், வழக்கறிஞர் வைத்துக்கொள்ள விடவில்லை. வாதம் எளிமையானது. ராஜத்துரோகச் சட்டம் 1352-இல் மூன்றாம் எட்வர்ட் காலத்தில் வந்தது. அதில் அரசர் என்றுதான் இருக்கிறது, புரொடெக்டர் என்று ஒரு சொல் இல்லை. புரொடெக்டருக்கு எதிராகப் போர் தொடுப்பது துரோகம் என்று 1654 ஜனவரியில் வந்தது ஓர் அவசர ஆணை, அதைப் போட்டது கிராம்வெலும் அவர் கவுன்சிலும். நாடாளுமன்றம் இயற்றாத ஒன்றை வைத்து என் தலையை எப்படி எடுப்பீர்கள்?

சட்டப்படி பார்த்தால் இதற்கு அன்று நல்ல பதில் கிடையாது. ஜூரி குற்றவாளி என்று சொல்லிவிட்டது, அதுவே பதில். ஆனால் அந்த ஓட்டை ஓட்டையாகவே இருந்தது. 1657-இல் நாடாளுமன்ற வழக்கறிஞர்கள் கிராம்வெலிடம் கிரீடத்தை நீட்டியபோது சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று: அரசர் என்ற பதவி சட்டத்துக்குத் தெரிந்தது, அதன் எல்லையும் தெரியும், புரொடெக்டர் என்பது யாருக்கும் தெரியாத பதவி. மே 8-இல் அவர் மறுத்துவிட்டார்.

இப்போது ஊர்க்குருவியின் கேள்விக்கு வருகிறேன். அன்று உயிரோடு விட்ட தலைமை நீதிபதி ரோல் என்ன ஆனார் தெரியுமா? எக்ஸிடர் வழக்கை விசாரிக்கும் குழுவில் உட்கார மறுத்துவிட்டார். என்னையே பிடித்து வைத்தவர்கள்மேல் நான் எப்படித் தீர்ப்புச் சொல்வது என்று. அதே வருஷம் ஜூனில், கோனி என்ற வணிகர் நாடாளுமன்றம் விதிக்காத சுங்கத்தைக் கட்ட மாட்டேன் என்ற வழக்கில் அரசாங்கம் நெருக்க, பதவியையே விட்டுவிட்டார். அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் ஜான் கிளின். எக்ஸிடரில் பென்ரடாக் வழக்கை நடத்திய அதே கிளின்.

வடக்கே பிடிபட்டவர்களை விசாரிக்க அனுப்பிய நீதிபதிகள் தார்ப், நியூடிகேட் இருவரும்கூட இந்தச் சட்டத்தில் துரோகம் என்று எங்களால் சொல்ல முடியாது என்று நின்றுவிட, பதவியை இழந்தார்கள். மரத்தில் தொங்கும் நீதிபதி யாருக்கும் இப்படித் தலைவலி கொடுக்க மாட்டார்.

#12 வெட்டிப்பேச்சு

வக்கீல் சார், மற்றவர்கள் வழக்கில் எனக்குக் கொட்டாவி வரும், உங்கள் போஸ்டுக்கு வரவில்லை.

#13 உப்பங்கழி

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லா அண்ணன்மாரும் தலைவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். கூடப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் சொல்கிறேன்.

பென்ரடாக்கும் குரோவும் மே 16 அன்று எக்ஸிடர் கோட்டையில் தலை வெட்டப்பட்டார்கள். கனவான்களுக்குக் கோடரி, மற்றவர்களுக்குக் கயிறு, அங்கேயும் ஜாதி உண்டு. இன்னும் சிலர் பக்கத்தில் ஹெவிட்ரீயில் தூக்கிலிடப்பட்டார்கள். மிச்சம் பேர் எக்ஸிடர் சிறையில் ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்தார்கள். திடீரென்று ஒரு நாள் பிளிமத் துறைமுகத்துக்கு இழுத்துப் போய்க் கப்பலேற்றினார்கள். எங்கே போகிறோம் என்றே தெரியாது. ஐந்தரை வாரத்துக்கு மேல் கடலில், குதிரைகளோடு சேர்த்து அடைத்துவைத்து. 1656 மே 7-இல் பார்படோஸ். அங்கே ஆளுக்கு 1,550 ராத்தல் சர்க்கரை என்று விற்றுவிட்டார்கள். பணம்கூட இல்லை, சர்க்கரை. கரும்பாலையில் அரைப்பது, உலையருகே நிற்பது, வெயிலில் மண் வெட்டுவது. சாப்பாடு கிழங்கு, குடிக்கக் கிழங்கு கழுவின தண்ணீர்.

இதெல்லாம் 1659-இல் மார்செலஸ் ரிவர்ஸ், ஆக்ஸன்பிரிட்ஜ் ஃபாயில் என்ற இருவர் எழுபது பேர் சார்பில் நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த மனுவில் இருக்கிறது. தங்களில் பலர் விசாரணையே இல்லாமல் அனுப்பப்பட்டவர்கள் என்பது அவர்கள் புகார். மார்ச் 25 அன்று சபையில் சூடான விவாதம். எழுந்து பதில் சொன்னவர் யார்? தர்லோ.

அந்த விவாதத்தில் ஒன்று என்னை உறுத்துகிறது. பாஸ்கவன் என்ற உறுப்பினர், இப்படியே விட்டால் நம் உயிரும் கறுப்பர்களின் உயிர்போல மலிந்துவிடும் என்று சொன்னார். ஆங்கிலேயனை விற்றார்களே என்றுதான் கோபம். விற்பதே தப்பு என்று அந்தச் சபையில் யாருக்கும் தோன்றவில்லை. அதே ஆலைகளில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்தவர்கள் இவர்களைவிட மோசமாக, தவணை முடிவே இல்லாமல், பிள்ளை குட்டிகளோடு அடிமையாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மனு எழுத ஆளில்லை.

இன்னொன்று, ஆரண்டல். பென்ரடாக்கின் மனைவி. ஏழு குழந்தைகள். லண்டனுக்கு அலைந்து மனுமேல் மனு போட்டுப் பார்த்தார். கடைசிச் சந்திப்புக்குப் பிறகு கணவருக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. உங்கள் அணைப்பை இன்னும் உணர்கிறேன், என் ரத்தத்தால் ஒட்டவைத்து உங்கள் உடம்பை மறுபடி உயிர்ப்பிக்க முடிந்தால் செய்வேன் என்று எழுதுகிறார். தலை வெட்டப் போகிறவருக்கு 'ஒட்டவைப்பேன்' என்று எழுதுவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும். பிளாண்ட்ஃபர்ட் தண்டோராக்காரரைவிட எனக்கு இவர்தான் பெரிதாகத் தெரிகிறார்.

#14 ஓய்வுபெற்ற தபால்

அம்மா, அந்தக் கடிதத்தையும் யாராவது பிரித்துப் படித்துவிட்டுத்தான் உள்ளே விட்டிருப்பார்கள் என்று நினைக்கும்போது என்னவோ செய்கிறது.

#15 கோட்டைமேடு

சென்னைக்காரனாக ஒரு துணுக்கு. கிராம்வெல் காலத்துப் பகை நம் ஜார்ஜ் கோட்டைவரை வந்திருக்கிறது. 1665-இல் கோட்டைத் தலைவர் எட்வர்ட் விண்டரை இறக்கிவிட்டு ஜார்ஜ் ஃபாக்ஸ்கிராஃப்டை அனுப்பியது கம்பெனி. சில மாதத்திலேயே விண்டர் அவரைப் பிடித்து அடைத்துவிட்டுக் கோட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார். சொன்ன காரணம்? ஃபாக்ஸ்கிராஃப்ட் அரசருக்கு எதிராகத் துரோகப் பேச்சுப் பேசினார், நான் அரச விசுவாசி. 1668 வரை அசைக்க முடியவில்லை. பென்ரடாக்குக்கு 'அரசர்' என்ற சொல் தலையை எடுத்தது, விண்டருக்கு மூன்று வருஷம் கோட்டையைக் கொடுத்தது.

#16 திண்ணைக் காவல் (மட்டுறுத்துநர்)

கோட்டைமேடு, அருமை, ஆனால் தனி இழை தொடங்குங்கள். இங்கே 1655-ஐ விட்டு நகர வேண்டாம்.

#17 பழங்கணக்கு

தனி இழைக்குக் காத்திருக்கிறேன்.

இங்கே ஒரு பக்கத்தை யாரும் தொடவில்லை. தோற்றது பென்ரடாக், சரி. ஜெயித்தவருக்கு என்ன கிடைத்தது?

இந்தக் குட்டிக் கிளர்ச்சியைப் பார்த்து கிராம்வெல் அளவுக்கு மீறிப் பயந்தார் என்பது என் எண்ணம். மேற்குப் பகுதியை அடக்க மார்ச்சிலேயே தன் தங்கை கணவர் டெஸ்பரோவை மேஜர் ஜெனரலாக அனுப்பினார். அது பிடித்துப்போய், அந்த வருஷக் கடைசிக்குள் நாடு முழுவதையும் வட்டாரமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மேஜர் ஜெனரல். குதிரைப்படைக்குச் சம்பளம் யார் கொடுப்பது? பழைய அரசர் கட்சிக்காரர்கள். நிலவருமானம் வருஷத்துக்கு 100 பவுண்டுக்கு மேல் இருந்தால் பத்தில் ஒரு பங்கு வரி. பத்தில் ஒன்று என்பதால் அதற்கு 'டெசிமேஷன்' என்று பேர்.

இதில் கொடுமை என்னவென்றால், மார்ச் மாதம் வீட்டைவிட்டு வெளியே வராமல் கதவைச் சாத்திக்கொண்டிருந்தவர்களும் இதைக் கட்ட வேண்டும். 1652-இல் பழசை மன்னித்து மறந்துவிட்டோம் என்று சட்டம் போட்டிருந்தார்கள். அதை நம்பி ஒதுங்கி வாழ்ந்தவர்களை, ஒதுங்கியதற்குப் பரிசாக, மறுபடி எதிரிப் பட்டியலில் சேர்த்தார்கள். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை. கூடவே மதுக்கடைகளை மூடுவது, குதிரைப் பந்தயத் தடை, கரடிச் சண்டைத் தடை. லண்டன் சதக்கில் கர்னல் பிரைட் கரடிகளையே கொன்றுபோட்டார்.

1657 ஜனவரியில் இந்த வரியைத் தொடரலாமா என்று நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு. 124-க்கு 88 என்று தோற்றது. எதிர்த்து வாக்களித்தவர்கள் பெரும்பாலும் அரசர் கட்சிக்காரர்கள் இல்லை, அவர்களைத்தான் சபைக்குள்ளேயே விடவில்லையே. வாள் பிடித்தவன் ஊரில் வந்து உட்காருவது பிடிக்காத சாதாரண நிலக்கிழார்கள், வழக்கறிஞர்கள். பென்ரடாக் 200 குதிரையோடு சாதிக்க முடியாததில் ஒரு பங்கை டெஸ்பரோவும் அவர் சகாக்களும் சாதித்துக் கொடுத்தார்கள்.

#18 மேலமாசி வக்கீல்

பழங்கணக்கு ஐயா, இதில் நான் முழுசாக ஒத்துப்போக மாட்டேன். மேஜர் ஜெனரல்கள் கெட்ட பேர் வாங்கியது உண்மை. ஆனால் அவர்கள் இருந்த காலத்தில் அரசர் கட்சி ஒரு விரலைக்கூட அசைக்கவில்லையே? அடுத்த பெரிய எழுச்சி 1659 ஆகஸ்ட், ஜார்ஜ் பூத் செஷயரில் கிளப்பியது. அப்போது கிராம்வெல் செத்தே ஒரு வருஷம் ஆகப்போகிறது. அடக்குமுறை வேலை செய்தது, விலை அதிகம் என்பது வேறு வாதம்.

#19 பழங்கணக்கு

சரி, அது நியாயம். விலைதான் என் வாதம்.

பூத் கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. வின்னிங்டன் பாலத்தில் நாடாளுமன்றத் தளபதி லாம்பர்ட்டிடம் தோற்று, பெண் வேஷத்தில் லண்டன் பக்கம் தப்பி ஓடினார். நியூபோர்ட் பாக்னல் விடுதியில் 'அந்தம்மா' நடையும் பாதமும் ஒரு தினுசாக இருக்க, சவரக் கத்தி வேறு தேவைப்பட, விடுதிக்காரர் காவலர்களைக் கூப்பிட்டுவிட்டார். அந்த எழுச்சிக்கும் மற்ற ஊர்க்காரர்கள் வரவில்லை. ஒன்பது மாதம் கழித்து சார்லஸ் ஒரு குண்டும் வெடிக்காமல் லண்டனுக்குள் நுழைந்தார். கூட்டிக்கொண்டு வந்தது கிராம்வெலின் பழைய தளபதி மங்க்.

#20 ஊர்க்குருவி

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு முதலிலிருந்து மறுபடி படித்தேன்.

நான் கேட்ட கேள்வியே கொஞ்சம் கோணல் என்று இப்போது படுகிறது. மூன்று பேரைத் தூக்கிலிட்டால் தயங்கி நின்றவர்கள் வந்திருப்பார்களா என்று கேட்டேன். ஹெர்ட்ஃபர்ட் பிரபுவின் ஆட்கள் வருவார்கள் என்று பென்ரடாக் கடைசிவரை வழி பார்த்தார், வரவில்லை. சேதி தெரியாததால் அல்ல, தெரிந்தேதான். மார்ஸ்டன் மூரில் நீதிபதியும் இல்லை, தூக்குமரமும் இல்லை, அங்கேயும் யாரும் வரவில்லையே.

ஆனால் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருக்கிறேன். விறைத்த காலையில் சால்ஸ்பரித் தெருவில், இரவு அங்கியோடு நிற்கும் ஷெரிப்புக்கு முன்னால், தளபதி தூக்கிலிடு என்கிறபோது 'வேண்டாம்' என்று சொன்னவருக்கு வயது 36-கூட ஆகவில்லை. அது போர்த்தந்திரமா இல்லையா என்பதை விடுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே கருணை அவருக்குக் கிடைக்கவில்லை. கொடுக்க நினைத்திருந்தால் கொடுத்திருக்கலாம், கூடப் பிடிபட்ட ஜோன்ஸுக்குக் கொடுத்தார்களே.

மட்டுறுத்துநர் ஐயா, தலைப்பில் இருக்கும் 1654-ஐ மாற்றிவிட முடியுமா?

#21 திண்ணைக் காவல் (மட்டுறுத்துநர்)

மாற்றியாயிற்று. மார்ச் 25 வரை காத்திருக்கவில்லை.